மோட்டாருக்கு எந்த பியூஸ் கம்பி?

"பியூஸ் அடிக்கடி போகிறதே என்று செம்புக் கம்பி கட்டினேன். இப்போது மோட்டாரே எரிந்துவிட்டது. ஏன்?" என்று கேட்டார் ஒரு விவசாயி. நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவம். காயில் கட்டி மோட்டார் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. பயிர் வாடி நின்றது.

மோட்டார் ரூமில் பார்த்தேன். மூன்று பியூஸ் கேரியரில் இரண்டில் வயரிலிருந்து உருவிய செம்பு இழை. ஒன்றில் மட்டும் பழைய பியூஸ் கம்பி. இரவில் மோட்டார் ஓடும்போது அந்த ஒன்று போயிருக்கிறது. மீதி இரண்டு பேஸில் மோட்டார் திணறி ஓடியதில் காயில் கருகிவிட்டது.

கணக்கு எளிது. 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் முழுச்சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது சில வினாடிகள் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை போகும். அந்தச் சில வினாடிகளைத் தாங்க வேண்டும். பம்பு இறுகி நின்றால் உருகவும் வேண்டும். அதனால் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரைப் போல இரு மடங்கு பியூஸ் போதும். இந்த மோட்டாருக்கு 15 ஆம்பியர், 0.5 மி.மீ. ஈயம் பூசிய செம்புக் கம்பி. கேபிள் தாங்கும் ஆம்பியரை பியூஸ் தாண்டக் கூடாது.

7 இழை கொண்ட 4 சதுர மி.மீ. வயரில் ஒரு இழை 0.85 மி.மீ. இருக்கும். அது 30 ஆம்பியர் பியூஸ் கம்பிக்குச் சமம். உருக ஏறத்தாழ 60 ஆம்பியர் ஓட வேண்டும். பம்பு இறுகி 45 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது, காயில்தான் எரியும்.

ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டில் சுமார் 13 ஆம்பியர் ஓடும். இதைச் சரியான பியூஸ்கூடக் கண்டுகொள்ளாது. அதைக் கவனிப்பது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. அவரோ, மோட்டார் அடிக்கடி நிற்கிறது என்று ரிலேயைக் கடைசி அளவுக்குத் திருப்பி வைத்திருந்தார். ரிலேயைத் தகட்டு ஆம்பியரிலேயே வையுங்கள். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் பொருத்துங்கள். காயில் கட்டும் கூலியோடு பார்த்தால் அதன் விலை பெரிதல்ல.

முதலில் பியூஸ் ஏன் போனது? கேரியர் திருகு தளர்ந்து, சூடேறிக் கருகியிருந்தது. அதை மாற்றியிருந்தால் போதும்.

பியூஸ் போட்டால்:

* மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கேரியரைத் தொடுங்கள். ஈரக் கை, ஈரத் தரை கூடாது.
* மூன்றிலும் ஒரே அளவுக் கம்பி, ஒற்றை இழை.
* நியூட்ரலில் பியூஸ் வேண்டாம்.
* ரூம் விளக்குக்குத் தனி 5 ஆம்பியர் பியூஸ்.
* மாற்றியதும் மறுபடி போனால் மூன்றாவது முறை போடாதீர்கள். எலக்ட்ரீசியனை அழையுங்கள்.
* மின்கம்பத்து பியூஸ் லைன்மேன் வேலை. நீங்கள் ஏறாதீர்கள்.

வாசகர் கேள்வி: பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. போடலாமா?

போடலாம். மூன்று பேஸையும் சேர்த்து அணைக்கும் மூன்று போல் எம்.சி.பி. வாங்குங்கள். மோட்டாருக்கு 'சி' அல்லது 'டி' வகை என்று கேளுங்கள். அப்போதும் ஓவர்லோடு ரிலே கட்டாயம் வேண்டும்.