ஸ்ட்ராபெரிப் பழம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்குமா?



மார்கழிக் குளிர் தொடங்கியதும் மும்பையின் இரயில் நிலைய வாசல்களிலும் புனேயின் சாலைச் சந்திப்புகளிலும் சிவந்த ஸ்ட்ராபெரிப் பெட்டிகள் வந்து நிறைகின்றன. சத்தாரா மாவட்டத்திலுள்ள மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதிகளின் விளைச்சல் இது. நாட்டில் விளையும் ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்தே வருகிறது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. ஆனால் நம்மில் பலர் இப்பழத்தைக் கண்டு வளர்ந்தவர்களல்லர். மாங்காயை வைக்கோலில் பழுக்கவைக்கத் தெரிந்த நம் தாய்மாருக்கு இதன் குணம் தெரிந்திருக்கவில்லை. ஆகையால் நமக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டை விசாரிக்கச் சென்றிருந்தேன். அந்தச் சகோதரி நான்கு வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறவர். காய்ச்சலிலிருந்து எழுந்த மகன் ஆசைப்பட்டானென்று, வியாழக்கிழமை ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கினார். பிள்ளைக்குக் கொடுப்பதாயிற்றே என்று நன்றாகக் கழுவி, மூடி போட்ட டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். ஞாயிறன்று மாலை எல்லாருமாகச் சாப்பிடலாமென்பது அவர் எண்ணம். சனிக்கிழமை இரவு திறந்தபோது பாதிப் பழங்களின்மேல் சாம்பல்நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. "நான் சுத்தமாகத்தானே ஐயா வைத்தேன்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சுத்தமே அங்கே கேடாயிற்று. இப்பழத்துக்கு ஆரஞ்சைப்போலத் தடித்த தோல் இல்லை. மேலிருக்கும் விதைகளின் குழிகளில் நீர் தங்கி நிற்கும். சாம்பல் பூஞ்சையின் வித்துகள் தோட்டத்தில் பூவாயிருக்கும்போதே பெரும்பாலும் அதனுடன் சேர்ந்துவிடுகின்றன. ஈரம் கிடைத்தால் அவை விழித்துக்கொள்ளும். குளிர் அவற்றைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் நிறுத்தாது. எனவே, உண்ணும் வேளையில் மாத்திரமே கழுவவேண்டும். அப்போதும் காம்போடு குழாய்நீரில் அலசி, பிறகே காம்பைக் கிள்ளவேண்டும். முன்பே கிள்ளினால் அந்தத் துவாரம் வழியாய் நீர் உட்புகும். சோப்பு கூடவே கூடாது.

வாங்கும்போதே ஜாக்கிரதை வேண்டும். மேல்வரிசையில் அழகாய்த் தெரிவதை நம்பாமல் பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். அடியில் சாறு கசிந்திருந்தால் வேண்டாம். காம்பருகே வெளுத்திருக்கும் பழம் வீட்டில் வைத்தால் இனித்துவிடும் என்று எண்ணவேண்டாம். பறித்தபின் இனிப்பேறுகிற பழமன்று இது. வாழையோடும் மாவோடும் இதை ஒப்பிடலாகாது.

வீட்டுக்கு வந்தவுடன் பெட்டியை ஒரு தட்டில் கவிழ்த்துப் பிரித்துவிடுங்கள். பூஞ்சை பிடித்ததையும், அதோடு ஒட்டி நனைந்ததையும் எறிந்துவிடவேண்டும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. மென்மையான பழத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். காசு போனாலும் போகட்டும். நசுங்கியதை அன்றே உண்ணலாம். உறுதியானவற்றைக் காம்போடு, அகன்ற டப்பாவில் உலர்ந்த பருத்தித் துணி அல்லது டிஷ்யூ தாள் விரித்து, ஒன்றன்மேலொன்று ஏறாமல் ஒரே அடுக்காய் அடுக்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை உணவில் ஏறுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. மூடியைச் சற்றே திறந்துவையுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள்.

ஃப்ரிட்ஜின் கதவில் வைக்கவேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெப்பம் படும். ஒற்றைக் கதவுப் பெட்டியில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். கருவாட்டுப் பொட்டலத்தின் அருகிலும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இவ்விதம் வைத்தால் நல்ல பழம் நான்கைந்து நாள் தாங்கும்.

ஒரு பங்கு வினிகரை மூன்று பங்கு நீரில் கலந்து பழத்தைச் சில நிமிடம் முக்கி எடுப்பதும் ஒரு முறை. மேலேயுள்ள வித்துகளை அது குறைக்கும். ஆனாலும் பின்பு அலசி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தவேண்டும். மும்பையின் புழுக்கத்தில், ஓரறை வீட்டில் அது எளிதன்று. அரைகுறையாய்ச் செய்வதைவிடச் செய்யாதிருப்பதே மேல் என்பது என் கருத்து.

பிப்ரவரியில் விலை இறங்கும்போது அதிகம் வாங்கினீர்களானால், கழுவி, நன்றாய் உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் இடைவெளிவிட்டுப் பரப்பி உறையவைத்து, பின்பு பையில் போட்டுக் கட்டலாம். உருகியபின் குழைந்துபோகும், பாலில் அடித்துக் குடிக்க அது போதும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டார் அன்றன்றைக்கு வேண்டியதை மாத்திரம் வாங்கட்டும், அல்லது அன்றே ஜாம் செய்யட்டும். அரைக்கிலோ பழத்துக்கு 400 கிராம் சர்க்கரை, ஓர் எலுமிச்சையின் சாறு. இப்பழத்தில் ஜாமை இறுகச்செய்யும் பெக்டின் குறைவு. எலுமிச்சையைச் சேர்க்காவிட்டால் இளகியே நிற்கும். கொதிக்கக் காய்ச்சிய உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் சூடாகவே ஊற்றவேண்டும். குப்பியைத் திறந்தபின் ஈரக்கரண்டி படாமல் பார்த்துக்கொண்டு விரைவாய்த் தீர்த்துவிடுங்கள்.

அந்தச் சகோதரி அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் ஒரு பெட்டி வாங்கினார். கழுவவில்லை, பழைய வேட்டித்துணியைத் துவைத்துக் காயவைத்து விரித்தார். புதன்கிழமை வாங்கியது ஞாயிறு மாலைவரை இருந்தது. இரண்டு பழங்கள் மட்டும் மெலிந்திருந்தன; அவற்றைத் தாம் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மகனுக்கும் அவனோடு வந்திருந்த மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டார்.