பொன்னியின் செல்வன்: திரைக்கண் நீங்கிய ஒரு கிளைக்கதை

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வளர்த்த நெடும்புதினத்தை மணிரத்னம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு படங்களாக்கினார். மூன்றரை ஆண்டு பேணிய மறைபொருள் அனைத்தையும் ஐந்தரை மணிநேரத் திரை தாங்காது. மணிமேகலை நீங்கியமை பெரிதன்று. நாம் ஈண்டுக் கருதுவது பிள்ளைமாற்றக் கதை. புதினத்தில் அருள்மொழிவர்மர் முடியை ஈவது, செம்பியன்மாதேவியின் மெய்ம்மகனென வெளிப்படும் பூத்தொண்டன் சேந்தன் அமுதனுக்கு. அவனோ அரசை விழையாதவன். திரையில் அரசுரிமை நாடிக் கிளர்ந்த மதுராந்தகனே முடி பெறுகிறான். சிற்றப்பன் நாட்டை விரும்பியவரை அருள்மொழி அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்பதே திருவாலங்காட்டுச் செப்பேட்டின் கூற்று. சுருக்க முனைந்தவர், கல்கியின் புனைவை விட்டுச் செப்பேட்டை அணுகிவிட்டார். எனினும், மலர் தொடுத்த கை செங்கோல் ஏந்தும் அரிய காட்சியை நாம் இழந்தோம்.