கப்பலேறிய திருநெல்வேலி இலை

மலச்சிக்கலுக்கு மருந்துக்கடைகளில் விற்கும் மாத்திரைகள் பலவற்றின் மூலப்பொருள் சென்னா இலை. தூத்துக்குடி வட்டாரத்தில் இதனை அவுரி என்றும் நிலாவாரை என்றும் சொல்வார்கள். சாயம் எடுக்கும் நீல அவுரி வேறு, இது வேறு. உலகச் சந்தையில் இதற்கு வழங்கும் பெயர் 'திருநெல்வேலி சென்னா'. அந்தப் பெயர் வந்த கதையை, இதனைப் பயிரிடும் விவசாயிகளிலேயே பலர் அறியமாட்டார்கள்.

சென்னா நம் நாட்டுச் செடியன்று. அரபு நாட்டிலும் சோமாலியாவிலும் தானாக வளர்வது. அரபு மருத்துவர்கள் வாயிலாகவே ஐரோப்பியர் இதனை அறிந்தனர். சூடான், மேல் எகிப்துப் பாலைகளில் பறித்த இலை நைல் நதி வழியே அலெக்சாந்திரியா துறைமுகம் வந்து கப்பலேறியது. ஆகவே, அங்கு ஒரு செடிகூட விளையாவிட்டாலும், 'அலெக்சாந்திரியா சென்னா' என்றே பெயர் நிலைத்தது. 'அர்கெல்' என்ற வேறொரு பாலைச் செடியின் இலையை அதில் கலந்து விற்பதும் வழக்கமாகி, அந்தச் சரக்கின் மதிப்பைக் கெடுத்தது.

இந்த நிலையில்தான், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹியூஸ் என்ற ஆங்கிலேய வணிகர் திருநெல்வேலிச் சீமையில் சென்னாவைப் பயிரிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார். இது காட்டில் பறித்து மூட்டை கட்டிய இலையன்று. நிலத்தில் விதைத்து வளர்த்தது. வேற்றிலை கலவாமல், நீண்டு, முறியாமல், பசுமஞ்சள் நிறத்தில் இருந்த இச்சரக்கை அந்நாட்டு மருந்து நூலாசிரியர்கள் பாராட்டி எழுதினர். பிரிட்டிஷ் மருந்துக் கோவையிலும் அலெக்சாந்திரியா சென்னாவுடன் இதற்கு இடம் கிடைத்தது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமான பின்னரும் இலையின் பெயர் மட்டும் மாறவில்லை.

இக்கடற்கரைச் சீமையின் வெயிலே இப்பயிருக்குப் பெரிய உரம் எனலாம். ஐப்பசி மழையில் முளைக்கும் செடி, மழை ஓய்ந்த தை, மாசியில் இலை தருகிறது. நீர் தேங்கினால் செடி அழுகும். பறித்த இலை நனைந்தால் கறுத்துப் போகும். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதனைக் கடிப்பதில்லை என்பது மானாவாரி விவசாயிக்கு ஒரு நிம்மதி.

இலையின் மருந்துச் சத்துக்கு 'சென்னோசைடு' என்று பெயர். 1940களில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இதனைப் பிரித்தெடுத்த பிறகு, இலையின் நிறத்தோடு சத்தின் அளவையும் சோதித்தே விலை பேசும் வழக்கம் வளர்ந்தது. காலங்கடந்து பறித்த முற்றிய இலையில் சத்து குறையும். விதைத்த 60 முதல் 90 நாட்களுக்குள் முதல் பறிப்பை முடிப்பதும், பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுவதும் இதனால்தான்.

அன்று அலெக்சாந்திரியாவில் அர்கெல் செய்த வேலையை இன்று இங்கே களைகள் செய்யக்கூடும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற களைகளில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. மூலிகைச் சரக்குகளில் இந்நஞ்சுக்கு ஐரோப்பிய நாடுகள் அண்மை ஆண்டுகளில் மிகக் கடுமையான வரம்பு விதித்துள்ளன. ஒரு மூட்டையில் சில செடிகள் சேர்ந்துவிட்டாலும் சரக்கு முழுவதும் திரும்பக்கூடும். கூலி மிச்சமென்று அரிவாளால் மொத்தமாக அறுக்கும்போதுதான் களை இலை உடன் வருகிறது. அறுப்புக்கு முந்தைய வாரம் ஒருமுறை வயலைச் சுற்றி வந்து இவ்விரு களைகளையும் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அறுத்த இலையை நிழலில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, பச்சை நிறம் மாறாமல் உலர்த்தலாம்.