வேல் பிடித்தவன் என்ன ஆனான்?

சாக்கோட்டையிலே நின்றுகொண்டு ரோமாபுரியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள், தோழர்களே! அங்கே நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் உறவு உண்டு. நேர் உறவல்ல, தலைகீழ் உறவு!

ரோமாபுரியின் படைவீரன் யார்? கூலிக்காரனல்ல, குடியானவன். சொத்துள்ளவனே படையில் சேரலாம் என்பது ஆதிநாள் முறை. உழுதான், போர் வந்தது, போனான், முடிந்தது, திரும்பினான். பிறகோ போர் முடியவில்லை! அன்னிபாலுடன் மட்டும் கி.மு. 218 முதல் 201 வரை. அடுத்துக் கடல் கடந்த போர்கள். களத்திலே வென்றவன் வீட்டிலே கடன். கழனியோ சீமான் கையிலே! அதை உழுதவன், போரிலே பிடிபட்ட அடிமை. நிலத்துக்கு உச்சவரம்பு கட்ட முனைந்த திபேரியஸ் கிராக்கசை கி.மு. 133-இல் அடித்தே கொன்றனர். கி.மு. 107-இல் மாரியஸ், ஏதுமற்றவனையும் படையிலே சேர்த்தான். அப்படிச் சேர்ந்தவன் நாட்டைப் பார்ப்பானா, நிலம் வாங்கித் தரும் தளபதியைப் பார்ப்பானா? கி.மு. 49-இல் சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டியபோது, படை அவன் பின்னே நடந்தது.

இனி நம் சிவகங்கைச் சீமை. இங்கும் ஏரும் வேலும் ஒரே கையில் இருந்தன. ஊர்க்காவல் அவன் உரிமை. களவு போனால் ஈடு கட்டுவது அவன் பொறுப்பு. 1801-இல் மருது சகோதரர்களின் பின்னே நின்றவன் அவன்தான். சிறுவயல் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் புகுந்தார்கள். சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்கு வழிகாண, கம்பெனிப்படை ஏறத்தாழ ஒரு மாதம் காட்டை வெட்டியது. வெட்டி மாளாமல் திரும்பியது! பிறகு படமாத்தூர் கௌரிவல்லபரை ஜமீன்தார் ஆக்கி, உள்ளேயே பிளவு உண்டாக்கி, அக்டோபர் 1-இல் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரிலே தூக்கு. மறு ஆண்டு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேர் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

மேடைதோறும் இதைப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் பெயர் தெரியாத அந்த வேல்காரன்?

1801 டிசம்பர் 1-இல் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை: ஆயுதம் வைத்திருக்கக்கூடாது! 1803-இல் சிவகங்கை ஜமீனுக்கு நிரந்தர ஒப்பந்தம். பேஷ்குஷ் கட்டும் ஜமீன்தாருக்குப் படை எதற்கு? நாளடைவில் காவல் உரிமையும் போயிற்று. ரோமாபுரிப் போர், நிலமிழந்தவன் கையிலே வாளைக் கொடுத்தது. இங்கே போர், வேலையும் பறித்தது, பிழைப்பையும் பறித்தது.

பறித்தவனே பட்டமும் கொடுத்தான், 'குற்றப் பரம்பரை' என்று! வடக்கே 1871-இல் பிறந்த சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. தென் மாவட்டங்களிலே கள்ளர், மறவர் பலரைப் பதிவேட்டிலே ஏற்றிக் கைரேகை கேட்டார்கள். மறுத்த பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கி முழங்கிற்று. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல். வேலைக் கீழே போடு என்ற அறிக்கைக்கும் அதற்கும் இடையே 146 ஆண்டுகள்.