துடைப்பான் நின்ற இரவு

தீபாவளிக்கு ஊர் சென்று திரும்புவது பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் ஒரு சிறு யாத்திரை. ஐப்பசியில் வருவதாகையால் மழையும் பெரும்பாலும் உடன் புறப்பட்டுவிடும். சென்ற தீபாவளி முடிந்து சேலத்திலிருந்து நமது பழைய மாருதி 800 வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணகிரியைக் கடந்து சூளகிரியை நெருங்கும்போது இரவு மணி ஒன்பது. வானம் கிழிந்தாற்போல் மழை கொட்டிற்று. அவ்வேளையில் ‘டக்’கென ஓர் ஓசை, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த இரு கைகளும் பாதி வழியில் நின்றுவிட்டன.

பின்னிருக்கையில் முதியவரும் குழந்தைகளும். பின்னால் லாரிகளின் அணிவகுப்பு. கண்ணாடியில் நீரும் எதிர்வரும் விளக்குகளின் ஒளியும் கலந்து குழம்பியதேயன்றிச் சாலை தெரியவில்லை. எவ்வாறோ ஓரம் பிடித்து ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரைக்கீழ் ஒதுங்கி, மழை ஓயும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கண்ணாடித் துடைப்பான் என்னும் அற்பப் பொருளை அன்றுவரை நாம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் வண்டியைக் காட்டிய பட்டறையில், மோட்டாரையும் அதனோடு சேர்ந்த சட்டம் முழுவதையும் மாற்றவேண்டும் என்றனர். ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று ஒரு தத்துவமும் உடன் சொன்னார்கள். நமக்கு மனம் ஒப்பவில்லை. ஏனெனில், முன்னிரவில் கைகள் நின்ற பின்னரும் மோட்டார் ‘உர்’ரென்று ஓடிக்கொண்டிருந்ததை நம் காதுகள் கேட்டிருந்தன.

சிவாஜி நகரில் நெடுங்காலமாக வண்டி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். வட ஆர்க்காட்டிலிருந்து பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். அவர் தமிழில் கன்னடமும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். பானெட்டைத் திறந்தார், விசையைப் போடச் சொன்னார், காது கொடுத்துக் கேட்டார். “மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார். மூட்டுதான் கழண்டிருக்கு” என்றார். அரை நிமிடத்தில் நோய் தெரிந்துவிட்டது.

அம்மூட்டு யாதென்பதைச் சிறிது விளக்குவோம். மோட்டார் ஒரே திசையில் சுழல்வது. கண்ணாடியின்மேல் கைகளோ இங்குமங்கும் ஆடவேண்டும். மோட்டாரின் பற்சக்கரம் வேகத்தைக் குறைத்து ஒரு சிறு கிராங்கைச் சுழற்றுகிறது. கிராங்கின் முனையிலுள்ள குண்டில் ஒரு தண்டு மாட்டப்பட்டிருக்கும். கிராங்கு சுழலச் சுழலத் தண்டு முன்னும் பின்னும் போய்வந்து, கைகளைத் தாங்கும் சுழல்முனைகளை ஆட்டுகிறது. குண்டும் தண்டும் சேருமிடத்தில் கடலை அளவேயுள்ள ஒரு நைலான் புஷ் உண்டு. அது தேய்ந்தால் தண்டு நழுவிவிடும். மோட்டார் தன்னந்தனியே சுழன்றுகொண்டிருக்கும். நம் வண்டியில் நேர்ந்தது இதுவே.

இவ்விடத்தில் வாசகர்கள் தாமே சோதித்தறியும் வழியும் உண்டு. விசை போட்டும் ஓசையே இல்லையெனில் முதலில் பியூஸைப் பார்க்க. ஓசை உண்டு, அசைவில்லை எனில் பெரும்பாலும் தண்டின் மூட்டுதான். ஒரு கை ஆடி மற்றொன்று நின்றால், இரண்டையும் இணைக்கும் தண்டையோ, நின்ற கையின் அடியிலுள்ள திருகையோ ஐயுறலாம். இரண்டும் முனகிக்கொண்டு மெல்ல ஆடினால் சுழல்முனையில் துரு ஏறியிருக்கக்கூடும்.

முதியவர் புதுப் புஷ்ஷை மாட்டி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. “நல்லா இருந்த மூட்டு ஏன் கழலணும்?” என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு, தண்டைப் பிரித்துச் சுழல்முனைகளைத் தனித்தனியே கையால் திருப்பினார். ஒன்று வெண்ணெய்போல் திரும்பிற்று. இடப்புறத்தது பூட்டிக்கிடந்த பழங்கதவுபோல் அடம்பிடித்தது. கண்ணாடியின் கீழ்ப்புற மூடியைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. ஒரு கூடை இலை! நாம் வண்டி நிறுத்துவது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். பூங்கா நகரம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இவ்வூரின் மரங்கள் உதிர்க்கும் பொடியிலைகள் அப்பள்ளத்தில் சேர்ந்து, நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டன. தேங்கிய நீரால் சுழல்முனை துருவேற, அதைத் திருப்பும் பாரமெல்லாம் பாவம் அந்தக் கடலையளவுப் புஷ்ஷின் தலையில் விழுந்தது. தை, மாசியில் மழையின்றித் துடைப்பான் மாதக்கணக்கில் உறங்கிக்கிடப்பதும் துருவுக்கு வாய்ப்பாயிற்று.

பின்னர் அவர் செய்த வேலை ஒழுங்கானது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றினார்; தண்டுகள் திடீரென அசைந்தால் கத்தரிபோல் விரலை நறுக்கிவிடும் என்றார். கைகள் நிற்கவேண்டிய இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுத்தாளால் குறித்துக்கொண்டே அவற்றைக் கழற்றினார். துருவேறிய முனையின் வளையத்தை நீக்கி, தண்டை உருவி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசினார். புதுப் புஷ்ஷை வெந்நீரில் சிறிது நேரம் இட்டு இளக்கிக் குண்டின்மேல் அழுத்தவும் அது ‘கிளிக்’கெனப் பொருந்திற்று. சுத்தியலால் அடித்துப் பிளந்துவிடுவோர் இதைக் கவனிக்க.

புஷ் கிடைக்குமோ என்று நாம் அஞ்சியதும் வீணே. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்த மாருதி 800, 2010இல் புதிய புகை விதிகளால் பெங்களூர் உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்று, 2014இல் உற்பத்தியும் முடிவுற்றது. ஆயினும் நகர மண்டபத்திலிருந்து மினர்வா சதுக்கம் நோக்கிச் செல்லும் ஜே.சி. சாலையின் உதிரிப்பாகக் கடைகளில் இன்றும் அதன் பாகங்கள் கிடைக்கின்றன. மோட்டாரே கெட்டுவிட்டவர்களுக்கும் கவலையில்லை. சென்னைப் பாடியில் 1961இல் தோன்றிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் துடைப்பான் மோட்டார்களைச் செய்துவருவது நம்மவர்க்குத் தெரிந்ததே.

ஒரு பெண்மணியின் பெயரையும் இங்கே சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், வண்டிக்குள்ளிருந்து கைப்பிடியால் இயக்கும் துடைப்பானுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பொருள் சேரவில்லை. இன்றோ நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கண்ணாடித் துடைப்பானைக் கட்டாயமாக்கியுள்ளன. 15 ஆண்டு கடந்த வண்டியை மறுபதிவுக்குக் கொண்டு செல்வோர் இதனை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்க.

இவ்வூர் மழையை மெல்லிய சாரல் என்று இன்னும் எண்ணியிருப்போர் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் காலையை நினைவுகூரட்டும். அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

எல்லாம் பூட்டியபின், உலர்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்க்க நாம் விசையை நாடினோம். முதியவர் கையைத் தடுத்தார். ஒரு வாளி நீரைக் கண்ணாடியில் ஊற்றச் செய்த பிறகே அனுமதி கிடைத்தது. கைகள் இரண்டும் ஒன்றாய் எழுந்து, ஒன்றாய்ப் படுத்து, விசையை அணைத்ததும் ஒட்டுத்தாள் குறித்த இடத்திலேயே வந்து அடங்கின. பிய்ந்த பழைய புஷ்ஷை நம் கையில் வைத்து, வீட்டுக்குப் போனதும் முதலில் வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்துமாறு பணித்தார். பெங்களூரில் வேறு இடம் கிடைத்தால் அன்றோ நகர்த்துவது! ஆகையால் ஞாயிறுதோறும் குழந்தைகள் இலை பொறுக்குகிறார்கள்.