திடீரென வாசிக்க முடியாமல் போனால்

பஸ்ஸின் முன்பலகையில் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. கோடும் வளைவும் துலக்கமாகத் தெரிகின்றன. எந்த ஊர் என்றுதான் பிடிபடவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. கடுகண்ணாவையில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் எழுத்தைப் பார்ப்பதுதான் கண்ணின் வேலை, வாசிப்பது மூளை. கண்ணாடிக் கடையில் கழியும் பொழுது சில வேளை உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஒற்றைத் தலையிடியின் முன்னறிகுறி

தலையிடி தொடங்குமுன் சிலருக்குப் பார்வையில் சிறு மினுமினுப்பு எழும். அது வளைந்து நெளிந்த கோடுகளாக மெல்ல விரிந்து, வாசிக்கும் வரியின் நடுவிலேயே சொற்களை விழுங்கிவிடும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகரும் ஒரு மின்மாற்ற அலையே இதற்குக் காரணம். பொதுவாக 5 முதல் 60 நிமிடத்துக்குள் தணிந்துவிடும். மெதுவாகப் பரவுவதுதான் இதன் அடையாளம்.

இரத்த ஓட்டம் தடைப்பட்டால்

மெதுவாக அல்லாமல், சட்டென்று வாசிப்பு அற்றுப்போவது வேறு கதை. மூளையின் இடது பின்பகுதிக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால், பேச்சும் எழுத்தும் சரியாக இருக்க, வாசிப்பு மட்டும் போய்விடலாம். தான் எழுதியதையே வாசிக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றி 1892இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜெரின் எழுதினார். கனடிய நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கெல் 2001இல் ஒரு காலை பத்திரிகையை எடுத்தபோது, அது ஏதோ அந்நிய மொழியில் அச்சானதுபோலத் தெரிந்தது. அவருக்கு வந்திருந்தது பாரிசவாதம். வாசிப்பு முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் தொடர்ந்து எழுதினார்.

அடைப்பு தானே விலகினால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். சரியாகிவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்; பெரிய பாரிசவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். வலிப்பும், நீரிழிவுக்காரருக்குச் சீனி மட்டம் இறங்குவதும்கூட வாசிப்பைக் குழப்பலாம்.

செய்ய வேண்டியது

ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணால் பார்த்தாலும் குழப்பம் இருந்தால் கோளாறு பெரும்பாலும் மூளைப் பக்கம். ஒரு கண்ணில் மட்டும் திடீரெனப் பார்வை போனாலும் அவசரமே.

வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் எதுவும் இல்லாவிட்டாலும், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நீங்களே மோட்டார் சைக்கிளில் கிளம்ப வேண்டாம். பேராதனை போதனா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் கடுகண்ணாவையிலிருந்து கண்டி வீதி வழியே அருகில்தான். ஸ்கேன் எடுக்குமுன் அஸ்பிரின் விழுங்காதீர்கள். இரத்தக் கசிவாக இருந்தால் அது கேடாகும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாலையில் நேர்ந்ததற்கு மறுநாள் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.