உங்களுக்குத் தெரியுமா? முட்டி வலிக்குத் தேய்மானம் மட்டும் காரணமல்ல

குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் தேயிலைக் கொழுந்து பறிப்போருக்கு ஏறுவதைவிட, சுமையோடு இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வலிக்கும். மூட்டுத் தேய்மானம்தான் காரணம் என்பார்கள். ஆனால் தேய்கிற குருத்தெலும்பில் நரம்பே கிடையாது! வலி பெரும்பாலும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டை உட்புறம் போர்த்தியிருக்கும் சைனோவியம் என்ற மெல்லிய சவ்விலிருந்தும் வருகிறது. உதிர்ந்த குருத்தெலும்புத் துகள்களால் அந்தச் சவ்வு அழற்சியுற்றுத் தடிக்கிறது, நீரை மிகையாகச் சுரக்கிறது. முட்டியில் நீர் கோத்துக்கொள்வது இப்படித்தான். அதோடு நிற்பதில்லை, அழற்சியில் வெளிவரும் நொதிகள் மிஞ்சிய குருத்தெலும்பையும் அரிக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயில் இந்தச் சவ்வு தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். ஆகவே வீங்கிய முட்டியை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி வலியைக் குறைக்கும். முட்டி சூடாகச் சிவந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.